செயலாளரின் ஆண்டறிக்கை (பெயர்ப்பலகை விவகாரம் உட்பட)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வந்திருக்கிற உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கையின் பிரதி அனுப்பப்படும். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கான நம் சங்கத்தின் நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. ஏழு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் (கோரம்) இல்லாமல் கலைந்தது. அக்டோபர் 10 உலக மனநல நாள் கூட்டமும் டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள் கூட்டமும் நடந்தன. அலுவலகக் கணினி இரண்டு முறை பழுது பார்க்கப்பட்டது.

இனி நம் அலுவலக வாசலில் இருந்த பெயர்ப்பலகை. அதைக் கழற்றியது நான்தான். யாரிடமும் கேட்கவில்லை, தீர்மானமும் போடவில்லை. இதற்காக என்னைக் கண்டித்து மினிட்ஸில் நாலு வரி ஏறியிருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டதும் நானே. நடந்ததை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எச்.ஐ.வி.யோடு வாழும் வளரிளம் பிள்ளைகளுக்கான சனிக்கிழமை மனநல அமர்வை ஆரம்பித்து மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. நான்காவது வாரம் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். ஓர் அம்மாவும் பெண்ணும் வாசல்வரை வந்தார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து, ‘எச்.ஐ.வி.’ என்று ஓர் அடி உயரத்துக்கு எழுதியிருந்ததைப் பார்த்தாள். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே திரும்பி நடந்துவிட்டாள், அம்மா பின்னாலேயே போனார். அன்று மாலை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அடுத்த வாரம் ஐந்து பேர் வந்தார்கள், ஆண்டு முடிவில் பதினான்கு பேர். பலகை பத்திரமாக அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

‘பதினான்கு பேருக்கு ஒரு செலவா, வெறும் பேச்சுத்தானே’ என்று குழுவில் ஒருவர் கேட்டார். அமர்வுக்கு ஒருநாள்கூட வராதவர் அவர். அவருக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிறக்கும்போதே எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் மாத்திரை. ஆனால் மாத்திரை எதற்கு என்பதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. சத்துக்கு, ரத்தத்துக்கு, சளிக்கு என்று வருஷக்கணக்கில் ஒரு கதை ஓடும். பள்ளி வயதுக் குழந்தைக்கு அதன் நிலையை, வயதுக்கேற்றபடி படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. நம்மில் எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறோம்?

ஒரு பையன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். டப்பாவில் இருந்த பெயரைப் போனில் தட்டிப் பார்த்துத் தானாகவே தெரிந்துகொண்டவன். அன்றிலிருந்து மாத்திரையை விழுங்குவதுபோல நடித்து, பேனா பவுச்சுக்குள் சேர்த்துவைத்திருக்கிறான். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறியது. மருத்துவமனைக் குறிப்பில் ‘மறதி’ என்று எழுதினார்கள். மூன்றாவது அமர்வில்தான் வாயைத் திறந்தான்: “மறக்கலை சார். அதைப் பாத்தா அம்மா செத்தது ஞாபகம் வருது.” பவுச்சைத் திறந்து மேசைமேல் கொட்டினான். சில மாத்திரைகளில் பேனா மை ஒட்டியிருந்தது.

மறதி என்றால் போனில் அலாரம் வைத்துக் கொடுத்திருக்கலாம். இதற்கு என்ன வைப்பது? மனச்சோர்வு வந்தால் மாத்திரை நிற்கிறது, மாத்திரை நின்றால் உடம்பு கெடுகிறது, உடம்பு கெட்டால் சோர்வு இன்னும் கூடுகிறது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு வைரஸ் பழகிவிடும் அபாயம் வேறு. இதைத்தான் ‘வெறும் பேச்சு’ என்கிறார்கள்.

எல்லாவற்றையும் மனசுமேல் போடவும் கூடாது. எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கெட்ட கனவும் தலைசுற்றலும் மனச்சோர்வும் வந்தது தெரிந்ததே. இப்போது பெரும்பாலும் டோலுடெக்ராவிர் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள்; அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. பிள்ளை தூங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கக் கவுன்சலர் பயன்படுத்தும் ஒன்பது கேள்வித் தாளில் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்பது. அதை நீக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது: கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமாம். வராது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்டபோது ஒரு பிள்ளை ‘ஆமாம்’ என்றது. அன்றே, தனியாக விடாமல், கவுன்சலர் கூடவே போய் மனநல மருத்துவரிடம் காட்டினார். கேள்வி தாளில் அப்படியே இருக்கிறது.

இந்த அமர்வு என் மூளையில் உதித்ததும் அல்ல. ஜிம்பாப்வேயில் 2004-இல் தொடங்கிய ஸ்வாண்டிரி என்ற அமைப்பு, எச்.ஐ.வி.யோடு வாழும் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, சின்னவர்களுக்குத் துணையாக அனுப்புகிறது. அந்தச் சொல்லுக்கு ‘நான் இருக்கிறபடியே’ என்று பொருளாம். அப்படித் துணை கிடைத்தவர்களிடம் வைரஸ் நன்றாகக் கட்டுப்பட்டது என்று 2020-இல் ஆய்வும் வெளிவந்தது. இங்கே இரண்டு பெரிய பிள்ளைகள் அந்த வேலையைச் செய்கிறார்கள். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது என்பதை நான் பத்து தடவை சொன்னேன். அந்த இருவரில் ஒருத்தி ஒரு தடவை சொன்னாள். அன்றுதான் ஒருவன், “அப்ப எனக்கும் கல்யாணம் ஆகுமாக்கா?” என்று கேட்டான். அறையில் எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

நம் சங்க மலருக்குப் பிள்ளைகளின் படம் வேண்டும், நன்கொடையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்றார்கள். கொடுக்கவில்லை. முதுகுப்பக்கமாகக்கூட எடுக்க விடவில்லை. இதனால் ஒரு நன்கொடை தள்ளிப்போனது உண்மை.

வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. சுருக்கமாக, வந்ததும் போனதும் ஏறக்குறைய சமம். சிறு பற்றாக்குறை முன்பணத்தில் சரிக்கட்டப்பட்டது. முன்பணம் யாருடையது என்பது இங்கே அவசியமில்லை. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி. சிலருக்கு மூன்றாவது ஆண்டு. நினைவூட்டல் போனால் ‘பார்த்தாயிற்று’ என்ற நீல டிக் மட்டும் வருகிறது.

தலைவருக்கும், கவுன்சலருக்கும், இடம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பதினெட்டு முடிகிற மூன்று பேர் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறுகிறார்கள். பலர் சிகிச்சையை விட்டுக் காணாமல் போவது அந்த இடத்தில்தான். முதல் சில மாதம் கூடப் போய் வரிசையில் நிற்க ஆள் வேண்டும். எனக்கு முழங்கால் முன்போல் இல்லை. செயலாளர் பதவியை யார் கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுப்பேன். மினிட்ஸ் புத்தகம், இரண்டு சாவி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், எல்லாம் தயாராக இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் கதவுப்பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ரசீதுப் புத்தகம் புதியது.

இப்படிக்கு,
செயலாளர்