டீசல் டியூனிங்குக்கு ஏன் வாகனத்தை எங்களிடம் விட்டுப் போகச் சொல்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வேறு இடங்களில் அரை மணித்தியாலத்தில் டியூன் செய்து தருகிறார்களே, நீங்கள் ஏன் வாகனத்தை நாட்கணக்கில் வைத்திருக்கிறீர்கள்?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

அரை மணித்தியாலத்தில் முடிவது, ஆயத்தமாக இருக்கும் ஒரு கோப்பை ஈசியூவுக்குள், அதாவது எவ்வளவு டீசலை எப்போது பீச்சுவது என்று தீர்மானிக்கும் எஞ்சின் கணினிக்குள், ஏற்றும் வேலை. அந்தக் கோப்பை எழுதியவர் உங்கள் வாகனத்தைக் கண்டதில்லை. இங்கே வருகிற ஹைலக்ஸ் பிக்கப்புகளிலும் கேடிஎச் வான்களிலும் பல, வருடக்கணக்காகப் பாரம் இழுத்தவை. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, மாற்ற வழியில்லாமல் திருத்தித் திருத்தி ஓட்டியவை. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் இன்று இரண்டு எஞ்சின்கள் ஒரே நிலையில் இருப்பதில்லை.

டீசல் எஞ்சினில் இழுவை எப்படிக் கூடுகிறது என்று தெரிந்தால் மீதி தானாக விளங்கும். எவ்வளவு டீசல் பீச்சுகிறதோ, அது முழுதாக எரியும் வரைக்கும், அவ்வளவு இழுவை. ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். அதுவும் கணக்குக்குத்தான். சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் நன்றாகக் கலக்க நேரம் கிடைக்காது, ஆகவே அதைவிடக் கூடுதலாகவே காற்று இருக்க வேண்டும். காற்றைக் கவனிக்காமல் டீசலை மட்டும் கூட்டினால் மிஞ்சுவது கரும்புகை. புகை கக்கினால் "நல்லா இழுக்குது" என்று சந்தோசப்படுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். அந்தப் புகை, நீங்கள் காசு கொடுத்து அடித்த டீசல். வரிப்பத்திரம் எடுக்கப் போகும்போது புகைப் பரிசோதனையிலும் அதுதான் உங்களை மறிக்கும்.

புகையைவிட எங்களுக்குப் பெரிய பயம் சூடு. அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். பிஸ்டன் தாங்குவது, ஒவ்வொரு சுற்றிலும் புதுக் காற்று உள்ளே வருவதாலும், அடியிலிருந்து எண்ணெய் பட்டுக் குளிர்வதாலும்தான். டீசலை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால், அல்லது பிந்திப் பீச்சினால், அந்தச் சமநிலை போய்விடும். அது உடனே தெரியாது. சில மாதம் கழித்து, முழுப் பாரத்தோடு கொழும்புக்குப் போகிற வழியில் தெரியும். அதனால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போவுக்கு முன்னால், வெளியேறும் வாயுவின் சூட்டை அளக்கும் மானி பூட்டாமல், நாங்கள் கோப்பில் ஓர் இலக்கத்தையும் மாற்றுவதில்லை.

சரி, அந்த நாட்களில் என்ன செய்கிறோம்? முதலில் எஞ்சின் சுகமாக இருக்கிறதா என்று பார்ப்போம். டீசலைப் பீச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை அளப்போம். டேர்போ குழாய்களில் காற்றுக் கசிவு உண்டா, கிளச் வழுக்குகிறதா என்று பார்ப்போம். இதில் ஏதாவது பிழை இருந்தால் டியூனிங் அங்கேயே நிற்கும், முதலில் திருத்த வேண்டும். பிறகு கம்பனி எழுதிய கோப்பை வாசித்து, அதன் பிரதியை உங்கள் பெயரில் பத்திரமாக வைப்போம். எப்போது கேட்டாலும் பழையபடி ஏற்றித் தரலாம்.

அப்புறம்தான் ஓட்டம். யாழ்ப்பாணம் முழுக்கச் சமதரை, எஞ்சினை நின்று இழுக்க வைக்க ஏற்றம் கிடையாது. ஆகவே பாரம் ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் ஏ9 வீதியில் ஆனையிறவுப் பக்கம் போவோம். மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து 3000 வரை முழு அழுத்தத்தில் விட்டு, டேர்போ அழுத்தம், ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயின் அழுத்தம்), டீசல் அளவு, சூடு எல்லாவற்றையும் பதிவு செய்வோம். சோழகக் காலத்தில் அந்த வெளியில் காற்று அளவையே குழப்பிவிடும், அதனால் போகவும் வரவும் இரண்டு பக்கமும் ஓடிப் பார்ப்போம். மத்தியான வெயிலில் இன்னொரு தரம். சூடான காற்று ஐதானது, காலையில் புகைக்காத டியூன் அப்போது புகைக்கலாம். பதிவைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றி, மறுபடி ஓடி, மறுபடி பார்ப்போம். நாள் போவது இங்கேதான். இதைக் குறைக்க எங்களுக்கு மனமில்லை.

"தம்பி, இது காணாது, இன்னும் கூட்டுங்கோ" என்று கேட்பீர்கள். ஹைலக்ஸ் விகோ 3.0 லீற்றர் எஞ்சின் கம்பனியிலிருந்து 343 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையோடு வருகிறது. நாங்கள் 400ஐத் தாண்ட மாட்டோம். அதற்கு மேல் கிளச்சும் கியர்பெட்டியும் விலை கொடுக்கும். தாழ்ந்த சுற்றில் திடீரென்று இழுவையைக் கொட்டுவதும் இல்லை. படிப்படியாக ஏறவிட்டால் வாகனம் ஓட்டவும் இதமாக இருக்கும். இன்னொன்று, புகை வடிகட்டியைக் கழற்றி ஈசியூவில் அதை மறைத்துத் தரும் வேலையை நாங்கள் எடுப்பதில்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்களுடைய, எங்களுடைய பிள்ளைகள்தான்.

உத்தரவாதக் காலம் முடியாத வாகனமாக இருந்தால், முகவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். ஈசியூவைத் தொட்டால் அந்த உத்தரவாதம் போகக்கூடும்.

வரும்போது நீங்கள் வழக்கமாக அடிக்கும் டீசலையே அடித்துக்கொண்டு வாருங்கள். கடைசியாக எண்ணெய், டீசல் வடிகட்டி மாற்றிய விபரத்தையும் கொண்டுவாருங்கள். வாகனம் எதற்கு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும் பிக்கப்புக்கும், கொழும்புக்கு ஆட்களை ஏற்றும் வானுக்கும் நாங்கள் எழுதும் கோப்பு வேறு வேறு.

நன்றியுடன்,
உங்கள் டீசல் கராஜ்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.