குறுந்தகடா, கோப்பா? முதலில் பூட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுந்தகடு வாங்குவது வீண் செலவு, பாட்டெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறது என்ற கருத்தில் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை குறித்து இதை எழுதுகிறேன். சந்தா கட்டிக் கேட்பது, நகல் தடுப்புப் பூட்டு இல்லாத கோப்பை விலைக்கு வாங்குவது, தகடு வாங்குவது என்ற மூன்றும் அதில் கலந்துவிட்டன. பின்னவை இரண்டும் கிட்டத்தட்ட ஓரினம். சந்தா முற்றிலும் வேறு.

சந்தாச் செயலியில் 'டவுன்லோட்' பொத்தானை அழுத்தினால் பாட்டு கைப்பேசிக்குள் வரத்தான் செய்கிறது. ஆனால் வருவது பூட்டிய கோப்பு. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணையாவிட்டால் இறக்கிவைத்தது ஓடாது. ஆப்பிளில் குழப்பம் இன்னும் அதிகம். காசு கொடுத்து வாங்கிய பாட்டும் சந்தாவில் இறக்கிய பாட்டும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கணினியில் பாட்டின் மேல் வலது கிளிக் செய்து 'கெட் இன்ஃபோ' போய்ப் பாருங்கள். 'பர்ச்சேஸ்டு ஏஏசி' என்றிருந்து கோப்பின் பெயர் எம்4ஏ என்று முடிந்தால் அது உங்கள் பாட்டு. 'ஆப்பிள் மியூசிக் ஏஏசி' என்றிருந்து எம்4பி (m4p) என்று முடிந்தால் சந்தா நின்ற அன்றே அது ஊமையாகிவிடும்.

இந்தப் பூட்டு என்ன செய்யும் என்பதற்குப் பழைய கணக்கு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எம்எஸ்என் மியூசிக் கடையில் பூட்டிய பாடல்களை விற்றது. கடையை மூடிய பின், 2008 ஆகஸ்ட் 31-க்கு மேல் புதுக் கணினிகளுக்குப் பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவி தரமாட்டோம் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் 2011 வரை நீட்டித்தது. யாஹூவும் அதே 2008-இல் தன் சாவி சர்வர்களை நிறுத்தியது. நம் ஊர் உதாரணம் இதற்கு நேர்மாறானது. 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் 'ஃபிளைட்' என்ற பெயரில் பூட்டில்லாத எம்பி3 பாடல்களை விற்கத் தொடங்கி, 2013 ஜூனில் விற்பனையை நிறுத்தியது. வாங்கியதை இறக்கிக்கொள்ள ஆகஸ்ட் வரை அவகாசம் தந்தது. அப்போது இறக்கிப் பத்திரப்படுத்தியவர்களிடம் அந்தப் பாட்டு இன்றும் ஓடும். கணக்கில்தான் இருக்கிறதே என்று விட்டவர்களுக்குப் போனது போனதுதான். ஆகவே கோப்பு வாங்குபவர் வாங்கிய அன்றே இறக்கிவிட வேண்டும். கடையின் சர்வர் உங்கள் அலமாரி ஆகாது.

ஆப்பிள் கடையும் தொடக்கத்தில் மூன்று, பின்னர் ஐந்து கணினிகளுக்கு மேல் அனுமதிக்காத பூட்டோடுதான் விற்றது. 2007-இல் இஎம்ஐ என்ற இசை நிறுவனத்தின் பாடல்களுக்குப் பூட்டு அகன்றது. 2009-இல் மற்றப் பெரிய நிறுவனங்களின் பாடல்களுக்கும் அகன்றது. இந்தியாவில் அந்தக் கடை 2012 டிசம்பரில் வந்ததால் நமக்குக் கிடைத்தது பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் (வினாடிக்கு 256 கிலோபிட்) கோப்புதான். மேக்கில் மியூசிக் செயலியின் செட்டிங்ஸில் 'ஐட்யூன்ஸ் ஸ்டோர்' என்பதை டிக் செய்யாவிட்டால் அந்தக் கடை கண்ணிலேயே படாது. ஐபோனில் அது தனிச் செயலி. வாங்கும் கோப்புக்குள் உங்கள் பெயரும் கணக்கின் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தகடு என்றாலே பூட்டு கிடையாது என்பதும் முழு உண்மை அல்ல. 2005-இல் சோனி பிஎம்ஜி விற்ற சில குறுந்தகடுகளைக் கணினியில் போட்டால், விண்டோஸுக்குள் தன்னை மறைத்துக்கொள்ளும் ஒரு நிரல் ஏறியது. அது தெரியவந்ததும் வழக்கு வந்தது, தகடுகளைத் திரும்பப் பெற்றார்கள். எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) தகட்டின் உயர்தர அடுக்கைச் சாதாரணக் கணினி டிரைவால் படிக்கவே முடியாது. 1982-இல் சந்தைக்கு வந்த எளிய ஆடியோ சிடிதான் இன்றும் நம்பத்தக்கது. அதில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஒலி எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே இருக்கிறது.

அந்தச் சிடி எப்படிக் கெடுகிறது என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தெளிவான பிளாஸ்டிக் வழியாக லேசர் படிக்கிறது. ஒலியைத் தாங்கும் அலுமினியப் படலம் இருப்பது அச்சிட்ட மேல்பக்கத்தில், மெல்லிய ஒரு வார்னிஷுக்கு அடியில். அதனால் மினுமினுக்கும் கீழ்ப்பக்கத்தில் விழுந்த கீறலைப் பாலிஷ் போட்டுக்கூடச் சரிசெய்யலாம். மேல்பக்கத்தில் ஆணி பட்டால் அங்கே பாட்டு போய்விட்டது. டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைபோல ஒளி கசிந்தால் படலம் அரிக்கத் தொடங்கியிருக்கலாம். கரைப்பான் கலந்த மார்க்கரால் மேல்பக்கத்தில் எழுதாதீர்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சிடியின் பிழைதிருத்தம், தடத்தின் நெடுகே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்த இடத்தை மீட்டெடுக்கும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியளவு இடத்தைத்தான் தொடும். வட்டமாகத் தேய்த்து விழும் கீறலோ ஒரே சுற்றில் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

பழைய தகடு வாங்குவோர் கீழ்ப்பக்கத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும். ஆலையில் அச்சான தகடு வெள்ளி நிறம். நீலமோ பச்சையோ தெரிந்தால் அது சாயத்தில் எழுதிய சிடி-ஆர். கார் டேஷ்போர்டு வெயிலில் சாயம் சீக்கிரம் மங்கும்.

எந்தத் தகடானாலும் வாங்கியதும் ரிப் செய்துவிடுங்கள், அதாவது பாட்டைக் கணினிக் கோப்பாக நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர் போதும். டிரைவைப் பாதுகாப்பான வாசிப்பு முறையில் வைத்து, 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுத்தால் ஒவ்வொரு பாட்டையும் இருமுறை படித்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். சில டிரைவ்கள் முதல் முறை படித்ததையே கேஷிலிருந்து (தற்காலிக நினைவகத்திலிருந்து) எடுத்துத் தரும். அப்போது தவறான வாசிப்பும் 'சரி' என்று வரும். டிரைவ் அமைப்பில் கேஷ் பற்றிய சோதனையை ஓட்டிவிட்டுத் தொடங்குவது அதற்காகத்தான். வேறு பலர் ரிப் செய்த முடிவோடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் பட்டியலில் பிரபலமான ஆங்கில ஆல்பங்கள் எல்லாம் இருக்கும். அரிதான தமிழ்த் தகடு பல நேரம் இருக்காது. அப்போது இரண்டு வேறு டிரைவ்களில் படித்து, இரண்டிலும் ஒரே சிஆர்சி எண் (ஒலித் தரவின் சரிபார்ப்பு எண்) வந்தால் நம்பலாம். மடிக்கணினியோடு இணைக்கும் மெல்லிய யுஎஸ்பி டிரைவ் சுழலத் தொடங்கி நின்று நின்று போனால் தகட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் யுஎஸ்பி ஹப்பில் மின்சாரம் போதாமல்தான் அப்படி ஆகிறது. நேரடியாகக் கணினித் துளையில் சொருகுங்கள்.

சேமிக்க ஃபிளாக் வடிவம் போதும். ஒலியில் எதையும் இழக்காமல் ஒரு ஆல்பத்தை 300 எம்பி அளவில் அடக்கிவிடும். ஆயிரம் ஆல்பம் வைத்திருப்பவருக்கு ஏறத்தாழ 300 ஜிபி. கோப்புக்குள்ளேயே ஒலியின் கைரேகைபோல ஒரு சரிபார்ப்பு எண் இருப்பதால், பின்னாளில் கெட்டிருக்கிறதா என்று கட்டளை ஒன்றிலேயே சோதிக்கலாம். எம்பி3-இல் இந்த வசதி இல்லை. கச்சேரிப் பதிவுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆலாபனை ஒரு தடம், கீர்த்தனை ஒரு தடம், தனி ஆவர்த்தனம் ஒரு தடம் என்று தகட்டில் பிரித்திருப்பார்கள், ஒலியோ இடைவிடாமல் ஓடும். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுவதால் முன்னும் பின்னும் வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும். அதைக் கழிக்கத் தெரியாத கார் ஸ்டீரியோவில், தம்புரா ஒலிக்கு நடுவே ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு விக்கல் கேட்கும். ஃபிளாக் கோப்பில் அந்த வெற்று ஒலி சேர்வதே இல்லை.

ஃபிளாக் என்று விற்பதெல்லாம் ஃபிளாக் அல்ல. எம்பி3-ஐ மாற்றி விற்பதும் நடக்கிறது. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச நிரலில் கோப்பைப் போடுங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் சுவர் வைத்து வெட்டியதுபோல நின்றால் 128 கேபிபிஎஸ் எம்பி3-இலிருந்து வந்திருக்கும் என்று சந்தேகிக்கலாம். பழைய டேப் பதிவுகளில் அந்த உயரத்தில் ஒலி இயல்பாகவே குறைவு. ஆனால் அது சரிந்து தேயும், வெட்டுப்பட்டு நிற்காது.

காருக்கான பென்டிரைவை எஃப்ஏடி32-ஆக ஃபார்மேட் செய்யுங்கள். எம்பி3 நகலாக இருந்தால் டேகுகளை (கோப்புக்குள் எழுதும் பாட்டு விவரங்களை) ஐடி3 பதிப்பு 2.3-இல் எழுதுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத ஸ்டீரியோ வெறும் கட்டங்களைத்தான் காட்டும். அதற்காக மூலக் கோப்பின் தமிழை அழிக்காமல், கார் நகலுக்கு மட்டும் ஆங்கில எழுத்து போடுங்கள். பென்டிரைவை ஒரே சேமிப்பாக நம்பக் கூடாது. மூன்று நகல், அதில் ஒன்று வேறு வீட்டில் அல்லது மேகச் சேமிப்பில். தகடே அந்த மூன்றில் ஒன்றாகலாம்.

தகட்டுக்கு இன்னும் இரண்டு பலம் உண்டு. பழைய தகட்டில் இருக்கும் மாஸ்டரும் (வெளியீட்டுக்கென இறுதியாக்கிய ஒலிப்பதிவும்) இன்று அதே பெயரில் விற்கும் கோப்பின் மாஸ்டரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. மறுபதிப்பில் சத்தத்தை ஏற்றி, மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அடுத்து, தகட்டைப் பிறருக்குக் கொடுக்கலாம். அமெரிக்காவில் பாட்டுக் கோப்பை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனம் 2018 மேல்முறையீட்டிலும் தோற்றது. ரிப் செய்துவிட்டுத் தகட்டை விற்பவர் கோப்பையும் அழித்துவிடுவதுதான் முறை.

சட்டத்துக்குப் பயப்படுவோருக்கு ஒரு தகவல். சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது.

தமிழ் இசை நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கையைத் தங்கள் பத்திரிகை வழியாக வைக்க விரும்புகிறேன். ஆப்பிள் மியூசிக் 2021-இலிருந்து ஒலி இழப்பில்லாத தரத்தில் பாடல்களைத் தருகிறது. அப்படியானால் அத்தரக் கோப்புகள் நிறுவனங்களிடம் தயாராகவே இருக்கின்றன. பேண்ட்கேம்ப் தளத்தில் தனிக் கலைஞர்களே ஃபிளாக் விற்கிறார்கள். பெரிய நிறுவனங்களால் முடியாதா? விற்கும்போது பாடலாசிரியர், பாடகர், வாத்தியக் கலைஞர், ஒலிப்பதிவாளர் பெயர்களைக் கோப்புக்குள் எழுதி, பதிவு ஆண்டையும் எந்த மாஸ்டர் என்பதையும் குறிப்பிட்டு, தகட்டோடு வந்த சிறு புத்தகத்தை பிடிஎஃப்பாகச் சேர்த்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி