தடி விழுந்தால் கைதட்டுகிறோம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை உங்கள் பேப்பரில் குதிரைக் கண்காட்சி பற்றி ஒரு படமும் அதற்குக் கீழே ஒரு வரியும் வந்திருந்தன. "பந்தயத்தில் சீறிப் பாயும் அரேபியக் குதிரை, ஜாக்கியின் சாகசம்" என்று போட்டிருந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து சாயந்திரம் வரை நான் அங்கேதான் இருந்தேன், வெயிலில், பேத்தியோடு. அங்கே பந்தயம் எதுவும் நடக்கவில்லை. ஜாக்கி யாரும் வரவில்லை. ஒரே வரியில் இத்தனை தப்பு எப்படி வந்தது என்று கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் உங்கள் நிருபரை மட்டும் சொல்லி என்ன பயன், வந்திருந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அவர் பார்த்த மாதிரிதான் பார்த்தார்கள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

எங்கள் தாத்தா எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். குதிரை என்றால் கொள்ளு, லாடம், சாட்டை, சவாரிக் கூலி, அவ்வளவுதான் எங்கள் வீட்டில். அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று ஞாபகம் இருக்கிறது, குதிரையின் கண்ணைப் பார்க்காதே, காதைப் பார், அதன் மனசு அங்கேதான் இருக்கிறது என்பார். அப்புறம் பேத்தி குதிரையேற்றம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு இடத்தில் சேர்ந்து, நான் ஞாயிறுதோறும் வேலிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்றொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் மற்றதெல்லாம். நிபுணன் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்காட்சியில் என்னை உறுத்தியது கைதட்டல். தட்ட வேண்டிய இடத்தில் யாரும் தட்டவில்லை, தட்டக் கூடாத இடத்தில் விசில் பறந்தது.

மதியத்துக்கு மேல் ஒரு பெரிய கறுப்புக் குதிரையோடு ஒருவர் வந்தார். செவ்வக மைதானம், ஓரமெல்லாம் ஏ, கே, ஈ, ஹெச் என்று எழுத்துப் பலகைகள். டிரஸ்ஸாஜ் என்பார்கள். பெரிய போட்டிகளில் அந்த மைதானம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் இருக்கும். குதிரை எந்த எழுத்துக்கு நேராக நடையை மாற்ற வேண்டும், எங்கே வட்டம் போட வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவானது, ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் பூஜ்யத்திலிருந்து 10 வரை மார்க் போடுவார்கள். வாயால் அதட்டினாலோ கொஞ்சினாலோ மார்க் போய்விடும். இடுப்பும் தொடையும் விரல் நுனியும்தான் பேச வேண்டும். அந்தக் கறுப்புக் குதிரை நடு மைதானத்தில் வந்து, நின்ற இடத்திலேயே, முன் வலது காலும் பின் இடது காலும் ஒன்றாக, பிறகு மற்ற இரண்டும் ஒன்றாக, தாளம் தப்பாமல் தூக்கித் தூக்கி வைத்தது. முன்னால் ஒரு அடி நகரவில்லை. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து உடம்பின் பாரமெல்லாம் பின்னங்காலுக்குப் போய்விட்டது, கழுத்து வில் மாதிரி வளைந்திருந்தது. இதற்குப் பியாஃப் என்று பெயர். ஒரு குதிரை இதை ஒழுங்காகச் செய்ய வருஷக்கணக்கில் பழக்க வேண்டும், எல்லாக் குதிரைக்கும் கடைசிவரை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "என்ன சார், குதிரை மக்கர் பண்ணுது?" ஸ்டார்ட் ஆகாத ஆட்டோவைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார் பாவம். கூட்டம் முழுக்க அமைதி. மைக்கில் இருந்த தம்பிக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை, "இப்போ நம்ம குதிரை டான்ஸ் ஆடுது பாருங்க" என்று ஒரு குத்துப் பாட்டைப் போட்டுவிட்டார். குதிரையின் காது இரண்டும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பின, தாளம் போயிற்று, ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஓட்டியவர் அதைப் பழையபடி கொண்டுவர அரை நிமிஷம் பாடுபட்டார். கூட்டம் அப்போதுதான் கைதட்டியது, அது குதித்ததற்காக!

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மேளத்துக்கு ஆடும் குதிரையைப் பார்த்தவர்கள் இதையும் அப்படி நினைத்திருக்கலாம், தப்பில்லை. டிரஸ்ஸாஜிலும் பாட்டோடு ஒரு பிரிவு உண்டு. ஆனால் அங்கே குதிரை பாட்டுக்கு ஆடுவதில்லை, அந்தக் குதிரையின் நடை எந்த வேகம் என்று பார்த்து அதற்குப் பொருந்துகிற மாதிரி பாட்டை அமைத்துக்கொண்டு வருவார்கள். குதிரைதான் பாகவதர், பாட்டு பக்கவாத்தியம். நம் ஆட்களுக்கு இதைச் சொன்னால் புரியாதா என்ன? மயூரகதி, வானரகதி என்று குதிரையின் நடைக்கே பெயர் வைத்துப் பழகிய மொழி நம்முடையது.

விசில் பறந்தது ஷோ ஜம்பிங்கில். தடுப்புகளைத் தாண்டும் போட்டி. தடுப்பின் மேல் இருக்கும் தடி இரு பக்கமும் ஆழமில்லாத சின்னக் கிண்ணத்தில்தான் உட்கார்ந்திருக்கும், குளம்பு உரசினாலே உருண்டு விழும், விழுந்தால் 4 புள்ளி தண்டம். ஒவ்வொரு தடி விழும்போதும் கூட்டம் ஆர்ப்பரித்தது, ஏதோ விக்கெட் விழுந்த மாதிரி. ஒரு தடியும் விழாமல் சுத்தமாக முடித்த குதிரைக்கோ மரியாதைக்கு நாலு தட்டு. போட்டிக்கு முன்னால் ஓட்டுபவர்கள் எல்லாம் பூட்ஸ் காலோடு மைதானத்துக்குள் இறங்கி, ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார்கள். "வாக்கிங் போறாங்க" என்று யாரோ சிரித்தார்கள். அதுதான் ஐயா போட்டியில் பாதி. குதிரை ஒரு பாய்ச்சலில் ஏறக்குறைய 12 அடி போகும், மனிதன் நாலு எட்டு வைத்தால் அந்தத் தூரம். இத்தனை எட்டு என்றால் இத்தனை பாய்ச்சல் என்று மனசில் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள், குதிரைக்கு அந்தப் பாதையை முன்கூட்டிக் காட்டமாட்டார்கள். அது முதன்முதலாகத் தடுப்பைப் பார்ப்பதே ஓட்டி வரும்போதுதான், அதுவும் தன் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. தாண்டுகிற கணத்தில் ஓட்டுபவரை நம்பித்தான் குதிக்கிறது.

டென்ட் பெகிங்குக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முழுப் பாய்ச்சலில் வந்து, குனிந்து, தரையில் நட்ட முளையை ஈட்டியால் குத்தி எடுத்துக்கொண்டு போவது யாருக்கும் புரியும். முளையின் அகலம் வெறும் 6 சென்டிமீட்டர் என்பதை மட்டும் யாராவது சொல்லியிருக்கலாம். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் இதில் ரூபிந்தர் சிங் பிராருக்குத் தங்கம், அதே வருஷம் டிரஸ்ஸாஜ், காட்டுவழி ஓட்டம், தாண்டல் மூன்றும் சேர்ந்த ஈவென்டிங்கில் ரகுபீர் சிங்குக்குத் தங்கம். அதோடு 41 வருஷம் குதிரையேற்றத்தில் தங்கமே இல்லை. 2023இல் ஹாங்சோவில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நாலு பேரும் வாங்கிய குழுத் தங்கம், நம் கூட்டம் "மக்கர்" என்று சொன்ன அதே டிரஸ்ஸாஜில்தான். இந்தூர், ஜெய்ப்பூர், மும்பை, கொல்கத்தாப் பிள்ளைகள். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன ஃபவாத் மிர்ஸா பக்கத்து பெங்களூரு. சென்னையிலிருந்து அப்படி ஒரு பெயர் எப்போது வரும் என்று கேட்பவர்கள், இங்கே பிள்ளைகள் நன்றாகச் செய்யும்போது தட்டுவதற்கு நாலு பேர் இருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வால்ட்டிங். பயிற்சியாளர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட விடுகிறார், அதன் முதுகில் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், முட்டி போடுகிறார்கள், தலைகீழாகக் கால் நீட்டுகிறார்கள். சர்க்கஸ் என்றே எல்லோரும் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டி, இன்றைக்கும் உலகப் போட்டிகளில் பிள்ளைகளுக்கு மட்டும் மார்க் போடுவதில்லை, குதிரை எவ்வளவு சீராக ஓடியது என்று அதற்கும் தனி மார்க் உண்டு.

ஜாக்கி விஷயம். நம் ஊரில் குதிரை மேல் யார் ஏறினாலும் ஜாக்கிதான், குதிரை என்றாலே ரேஸ்தான், ரேஸ் என்றால் சூதாட்டம்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஆள் குதிரையைப் பிடித்து நிறுத்துகிற சிலையைத் தினமும் தாண்டிப் போகிறோம், குதிரைப் பந்தய ஒழிப்பின் நினைவாக வைத்தது. 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது, 1996இல் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கிண்டி ரேஸ் கோர்ஸ் கதையை இப்போது நான் இழுக்கப் போவதில்லை, அது தனிப் பஞ்சாயத்து. ஆனால் அந்த ஒரு கதையிலேயே நகரத்தின் குதிரை ஞானம் எல்லாம் நின்றுபோய்விட்டது. இன்னொரு குதிரைச் சிலையும் இருக்கிறது, தீவுத்திடல் பக்கம், 1839இல் வைத்த மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோவின் சிலை. சேணமும் கால் வைக்கிற அங்கவடியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், சிற்பி மறந்துவிட்டார் என்று நம் ஊரில் கிண்டல் உண்டு. பேத்தியின் முதல் மூன்று மாத வகுப்பில் பாதி நேரம் அங்கவடியில் கால் வைக்காமல்தான் ஓட்டச் சொன்னார்கள், பிடிமானம் இல்லாமல் உட்காரப் பழகினால்தான் உடம்பு குதிரையோடு சேருமாம். அதிலிருந்து மன்றோவைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதை எழுதும்போது இன்னொரு வாசகரின் கடிதமும் எதிரில் இருக்கிறது, புதன்கிழமை போட்டிருந்தீர்கள், எல்லாமே மிருகவதை, கண்காட்சியையே தடை செய்ய வேண்டும் என்று. அவரைத் தூக்கி எறிந்து பேச எனக்கு மனசில்லை. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இங்கிலாந்தின் ஷார்லட் டுஜார்டின், பயிற்சியில் ஒரு குதிரையைச் சாட்டையால் அடித்த வீடியோ வெளிவந்து 2024 பாரிஸ் போட்டியிலிருந்து தானே விலகினார், பிறகு ஒரு வருஷம் தடையும் வந்தது. டோக்கியோவில் ஐந்து விளையாட்டு சேர்ந்த பென்டத்லான் போட்டியில் குதிரை பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அந்த விளையாட்டிலிருந்தே குதிரையேற்றத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே கொடுமை இருக்கிறது. நம் கதையும் பழையது, பாண்டிய நாட்டுக்கு வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப் போனதையும் மார்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கொடுமை எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்கவும் பார்க்கத் தெரிய வேண்டுமே. வாலை ஓயாமல் விசிறுகிறதா, வாயைத் திறந்து கடிவாளத்தோடு மல்லுக்கு நிற்கிறதா, தாடை நெஞ்சில் முட்டும்படி கழுத்தை இழுத்துப் பிடித்திருக்கிறார்களா, காது பின்னால் ஒட்டிக்கொண்டே இருக்கிறதா, இதையெல்லாம் பார்த்தால் தெரியும். அன்றைக்கு அப்படி ஒரு குதிரையை நானும் பார்த்தேன், அதற்கும் கூட்டம் விசில்தான் அடித்தது.

ஒரு குடும்பம் செல்ஃபி எடுக்கக் கட்டிப்போட்ட குதிரையின் நேர் பின்னால் போய் நின்றதையும் சொல்ல வேண்டும். குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் தெரியாத மாதிரியே நேர் பின்னாலும் தெரியாது. உதை விழாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

நடத்தியவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பாட்டுப் போடுகிறவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, குதிரை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், ஓட்டுகிறபோதே "இப்போது பின்னங்காலைப் பாருங்கள்" என்று தமிழில் அவர் சொல்லட்டும். உங்களிடம் கேட்பது, அடுத்த முறை கண்காட்சிக்கு முந்தின நாள் விளையாட்டுப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள், எந்தப் போட்டிக்கு என்ன கணக்கு என்று. கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ.வையே புரிந்துகொண்ட ஜனங்கள், இது ஒன்றும் கஷ்டமில்லை.

அப்புறம் அந்தப் படம். அது டென்ட் பெகிங், ஈட்டி ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. குதிரை அரேபியக் குதிரை இல்லை, காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கிறது, அப்படிக் காது இருந்தால் மார்வாரி அல்லது கத்தியவாரி. மேலே இருப்பவரை "இளைஞர்" என்று உள்பக்கச் செய்தியில் எழுதியிருக்கிறீர்கள், ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை போலிருக்கிறது. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே மைதானத்தில் ஒருவருக்கொருவர் எதிராக மோதுகிற விளையாட்டு குதிரையேற்றம். 1952இல் பெண்களுக்கு டிரஸ்ஸாஜ் கதவு திறந்த முதல் தடவையே, போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டல் வெள்ளி வாங்கிவிட்டார், குதிரை மேல் ஏறவே அவருக்கு ஆள் உதவி வேண்டும். உங்கள் படத்தில் இருப்பதும் ஒரு பெண், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், அன்று மூன்று தடவை ஓடி மூன்று முளையையும் எடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்தோம். திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜட்காக்காரரின் பேரன்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை