அனுபவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணும் முடிந்து, இப்போது சுவரில் மாட்டிய நாள்காட்டியை நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்கிறார். வீடியோ காலில் பேசினால் மாலை நேரத்தில் உன் முகம் பாதியில் உறைந்துபோகிறது, அதனால்தான் நீ கடிதமாகவே எழுதிவிட்டாய் என்று சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை வாங்கித் தானே படித்தார். உன் மகளைப் பற்றி நீ எழுதிய பக்கம் வந்ததும் நிறுத்தி, "முதலில் இதற்குப் பதில் எழுது" என்றார். அதனால் மற்ற செய்திகள் பிறகு.

ஏழு மாதமாக ஐடி வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாள், பாதி இடங்களில் பதிலே இல்லை, பதில் வந்த இடங்களிலும் அனுபவம் இல்லை என்ற ஒரே காரணம் என்று எழுதியிருந்தாய். "வேலை இல்லாமல் அனுபவம் எங்கே கிடைக்கும் அப்பா" என்று அவள் கேட்டதாக நீ எழுதிய இடத்தைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் டார்ச் லைட்டைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக வைத்து, மறுபடி மாட்டி எரிய வைத்துக் காட்டும் பிள்ளை அவள்.

ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவனாக ஒன்று சொல்கிறேன். "இரண்டு ஆண்டு அனுபவம் தேவை" என்ற வரி பல நேரம் யாரும் யோசித்து எழுதியது இல்லை. ஒருவர் வேலையை விட்டுப் போவார். அந்த இடத்துக்குப் பழைய விளம்பரத்தையே எடுத்து, தேதியை மாற்றிப் போட்டுவிடுவார்கள். நானே அப்படிச் செய்திருக்கிறேன். அந்த வரியைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே போனார்களோ என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கேட்டிருக்கும் விஷயங்களில் பாதி தெரிந்திருந்தால் போதும், ஒன்று இரண்டு ஆண்டு என்று போட்ட விளம்பரங்களை அவள் விடவே கூடாது. ஐந்து, எட்டு என்று கேட்பதை மட்டும் தள்ளிவிடட்டும்.

ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு நியாயமான பயமும் இருக்கிறது. புதிதாக வருபவருக்குப் பக்கத்தில் மூன்று மாதம் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது? எல்லாருக்கும் சேவை தந்து ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் கணினியில் தெரியாமல் கை வைத்துவிட்டால்? தெரியவில்லை என்றால் கேட்பாரா, மறைப்பாரா? அனுபவம் என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை வேலை இல்லாமலும் சேர்க்க முடியும். எப்படி என்பதை ஒரு பெண் எனக்குக் காட்டினாள்.

போன மாதம் நேர்காணலுக்கு வந்தாள். கணினிப் பட்டம் இல்லை, எங்கும் வேலை பார்த்ததும் இல்லை. ரெஸ்யூமேயில் ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: உறவினரின் சிறிய அலுவலகத்தில் இணையம் அடிக்கடி அறுந்துபோன காரணத்தைக் கண்டுபிடித்தேன். அதைப் பற்றிச் சொல் என்றேன். பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

5 கணினிகள். அவ்வப்போது ஏதாவது ஒன்றில் மட்டும் இணையம் வராது. முதலில் கேபிளை மாற்றிப் பார்த்திருக்கிறாள், பயனில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், இரண்டு நாளில் மறுபடி அதே தொல்லை. தேதி போட்டு எழுதியிருந்தாள்: "ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஏன் என்று தெரியவில்லை." அதன் கீழே, கோளாறு வரும் கணினியின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினியை அடையாளம் காட்டும் எண், மட்டும் 169.254 என்று தொடங்குவதைக் குறித்திருந்தாள். ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் முகவரி அது. ஆக, ரவுட்டர் ஏன் முகவரி தரவில்லை என்பதுதான் கேள்வி.

அடுத்த பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை. எந்த நாளில் கோளாறு, அன்று அலுவலகத்துக்கு எத்தனை பேர் வந்து போனார்கள். ஆட்கள் நிறைய வந்த நாளிலோ அதற்கு மறுநாளோதான் கோளாறு. வருகிறவர்கள் எல்லாரும் போனை வைஃபையில் இணைத்துக்கொள்கிறார்கள். ரவுட்டரிலோ மொத்தம் 20 முகவரிகள்தான் தரும்படி யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். ஒருமுறை கொடுத்த முகவரி 24 மணி நேரத்துக்கு அந்தப் போனின் பேரிலேயே கிடக்கும், ஆள் கிளம்பிப் போனாலும். 20-உம் தீர்ந்த பிறகு இயக்கும் கணினிக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவள் எண்ணிக்கையைக் கூட்டினாள், நேரத்தைக் குறைத்தாள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தின் கடைசி வரி "காரணம் தெரிந்துவிட்டது." அடியில் இரண்டு கோடு.

அந்த இரண்டு கோட்டைப் பார்த்த பிறகு நான் அதிகம் கேட்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டதோடு "சரி, முடிந்தது" என்று போகாத பிள்ளை. இப்போது எங்கள் அணியில் இருக்கிறாள்.

உன் மகள் இன்றே ஒரு நோட்டு போடட்டும். கோளாறுக்கு எங்கே போவது என்றால், சொந்தக்காரர்கள் வீட்டுக் கணினிகளே முதல் இடம். அது போதாவிட்டால் கோளாறை அவளே உண்டாக்கிக்கொள்ளலாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டால் ஒரே லேப்டாப்புக்குள் இரண்டு மூன்று கணினிகளை ஓட்டலாம், உடைத்தாலும் உண்மையான கணினிக்கு ஒன்றும் ஆகாது. அதில் ஒரு லினக்ஸ் சர்வரை நிறுவட்டும். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் ஒரு மென்பொருள். உலகின் அதிவேகக் கணினிகளின் பட்டியலில் வரும் 500-உம் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அதே லினக்ஸ்தான் அவளுக்கும் காசில்லாமல் கிடைக்கிறது. அதில் ஒரு வெப்சைட்டை ஏற்றட்டும். பிறகு டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்பி, என்ன நின்றுபோகிறது, நடப்பதைக் கணினி தானே குறித்து வைக்கும் லாக்கில் என்ன வரி வருகிறது என்று பார்க்கட்டும். பேக்கப், அதாவது எல்லாவற்றுக்கும் ஒரு நகல், எடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்தப் பேக்கப்பிலிருந்து மீட்கட்டும். பேக்கப் எடுப்பவர்கள் நிறையப் பேர், அதை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நேர்காணலில் அதை மட்டும் சொன்னால்கூட எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கோடிங் பக்கம்தான் ஆசை என்றால், எழுதிய புரோகிராம்களைப் பிறர் பார்க்கும்படி இணையத்தில் போட்டு வைக்கும் தளமான கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி, செய்வதை எல்லாம் அங்கே போட வேண்டும். பத்து அரைகுறைகளை விட முடிந்த ஒன்று மேல். எல்லாரும் போடுகிற கால்குலேட்டரை விட, தங்கச்சி, அதாவது அவள் அம்மா, வீட்டுக் கணக்கு எழுதும் முறைக்கே பொருந்துகிற ஒரு சின்னப் புரோகிராம் நல்லது. அதைத் தினமும் ஒருவர் உபயோகிக்கும்போதுதான் உண்மையான பிழைகள் வெளியே வரும்.

இப்போது உன் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரிக்கு வருகிறேன். யாரோ பணம் வாங்கிக்கொண்டு இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் தயார் செய்து தருவதாகச் சொன்னார்களாம், எல்லாரும் செய்கிறார்கள் என்றார்களாம். வேண்டாம் நண்பா. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், அந்தப் பக்கமே போகாதே. நிறுவனங்கள் ஆளை எடுத்த பிறகும் சரிபார்ப்பார்கள். பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடுவார்கள். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், சேர்ந்து மூன்றாவது வாரத்தில் ஒரு பையனைக் கூப்பிட்டுக் கணினியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். நன்றாக வேலை செய்த பையன். வேலையில் எந்தக் குறையும் இல்லை, அந்த ஒரு காகிதம்தான். பக்கத்து மேசையில் இருந்த எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதே மாதிரி, வேலை தருவதற்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடு. ஒழுங்கான நிறுவனம் எதுவும் வேலைக்கு வருகிறவரிடம் காசு கேட்காது.

புரோகிராம் எழுதும் டெவலப்பர் என்ற ஒரே வாசலில் அவள் நிற்பதாகத் தெரிகிறது. பக்கத்தில் வேறு வாசல்களும் இருக்கின்றன. மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் இருக்கிறது, கோளாறைச் சரிசெய்து தரும் சப்போர்ட் இருக்கிறது, உதவி கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கும் ஹெல்ப் டெஸ்க் இருக்கிறது. நான் வந்தது ஹெல்ப் டெஸ்க் வழியாகத்தான். நான் படித்தது வேதியியல் என்பது உனக்குத் தெரியும். இரவு ஷிஃப்ட், காதில் ஹெட்செட், வருகிற அழைப்பில் பாதி மறந்துபோன பாஸ்வேர்டு. ஆனால் கோபமாக இருப்பவரிடம் நிதானமாகக் கேள்வி கேட்கவும், அவர் சொன்னதை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி டிக்கெட்டில், அதாவது புகார்ப் பதிவில், எழுதவும் அந்த ஓராண்டில் கற்றதுதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. உள்ளே போய்விட்டால் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்கலாம், பிடித்த அணியிடம் போய்க் கேட்கலாம். இதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் அவள் காதில் வாங்க வேண்டாம்.

சான்றிதழ் படிப்புக்குப் பெரிய தொகை கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டுவதற்கு முன் இலவசமாக இருப்பதைப் பார்க்கட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடம் முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது, கணினி தெரியாதவர்களை நினைத்தே நடத்துகிறார்கள். கோடிங் கற்றுத்தரும் இணையதளமான, 2014-இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப்பும் இலவசம். நெட்வொர்க் பிடித்திருந்தால், நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றிதழ்த் தேர்வுக்கு மதிப்பு உண்டு. சான்றிதழ் இருந்தால் ரெஸ்யூமே குப்பைக்குப் போகாமல் மேசைக்கு வரும். அதற்கு மேல் நோட்டுதான் பேச வேண்டும்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். "கடின உழைப்பாளி, விரைவில் கற்பேன்" என்பதை எல்லாம் எடுத்துவிடட்டும், அதை எல்லாரும் எழுதுகிறார்கள். செய்த காரியத்தைச் செய்தேன் என்று எழுத வேண்டும்: என்ன கோளாறு, எதைச் செய்தேன், என்ன ஆனது. அந்தப் பெண்ணின் ஒற்றை வரி மாதிரி.

ஏஐ வந்துவிட்டதே, இனி புதியவர்களுக்கு இடம் இருக்குமா என்றும் கவலைப்பட்டிருந்தாய். கவலை வீண் என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, முன்பு புதியவர்களிடம் கொடுத்த சில சில்லறை வேலைகளை நாங்களே அதில் முடித்துக்கொள்கிறோம். வாசல் குறுகித்தான் இருக்கிறது. ஆனால் அது தரும் பதில் சரியா தப்பா என்று பார்க்க ஆள் வேண்டும், தப்பாகிப்போனால் எழுந்துபோய்ச் சரிசெய்ய ஆள் வேண்டும். அவள் அதைத் தாராளமாக உபயோகிக்கட்டும். ஒரே நிபந்தனை, தன் பெயரில் போடும் ஒவ்வொரு வரியையும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவளால் வாயால் சொல்ல முடிய வேண்டும். நேர்காணலில் நான் கேட்பதே அதைத்தான்.

நேர்காணல் என்றதும் இன்னொன்று. ஒருவர் கூப்பிட்டு "எனக்கு இணையம் வரவில்லை" என்கிறார், நீ என்ன செய்வாய் என்று எல்லாரிடமும் கேட்பேன். பெரும்பாலானவர்கள் உடனே தீர்வு சொல்லத் தொடங்குவார்கள். "உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவருக்கும் வரவில்லையா? நேற்று வந்ததா? இடையில் எதையாவது மாற்றினீர்களா?" என்று திருப்பிக் கேட்பவரை நான் விடுவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், எங்கே தேடுவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

என் நிறுவனத்தில் ரெஃபரல், அதாவது என் பரிந்துரை, தருகிறேன், அதைக் கேட்கத் தயங்கினாய் பார், அதுதான் எனக்குக் கோபம். ரெஃபரல் தந்தால் ரெஸ்யூமேயை நிச்சயம் ஒருவர் படிப்பார். மீதியை அவள்தான் செய்ய வேண்டும், அதனால் ஒரு மாதம் கழித்து, நோட்டில் பத்துப் பக்கமாவது ஆன பிறகு அனுப்பலாம்.

தங்கச்சியிடம் சொல், ஏழு மாதம் என்பது இந்தத் துறையில் அசாதாரணம் இல்லை. பிள்ளையிடம் தினமும் "ஏதாவது பதில் வந்ததா" என்று மட்டும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்விதான் அவளை அதிகம் வாட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு வீடியோ காலில் வருகிறேன். வேண்டுமென்றேதான் மாலையில், அந்த நேரத்தில்தானே உன் முகம் உறைகிறது. காலையில் உறையாமல் மாலையில் மட்டும் ஏன்? ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் உறைகிறதா? போனில் மட்டுமா, லேப்டாப்பிலுமா? இந்த மூன்றையும் அவளிடம் கேள். நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கட்டும், நான் கூப்பிடும்போது அவளே எனக்குப் படித்துக் காட்டட்டும்.

என்றும் உன்,
நண்பன்