நுண்பாசித் திட்டங்களில் மின்கணக்கைக் கேளுங்கள்: நிதி நல்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நீரில் வளரும் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆய்வுகளுக்காகத் தாங்கள் அண்மையில் வெளியிட்ட விண்ணப்பப் படிவம், ஒரு லிட்டரில் நாளொன்றுக்கு எத்தனை கிராம் விளையும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதற்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. சென்ற ஆண்டும் இதைச் சுட்டிக்காட்டி எழுதினோம். பதில் வரவில்லை.

ஒளி உயிர்வினைக்கலனில், அதாவது ஒளி படும்படி பாசியை வளர்க்கும் மூடிய கலனில், பாசி அடியில் படியாமல் இருக்கப் பம்பு இரவும் பகலும் ஓடியாக வேண்டும். கோடை வெயிலில் மூடிய குழாய்க்குள் நீர் 40 டிகிரியைத் தொட்டுவிடும் என்பதால் அதைக் குளிர்விக்கும் சில்லரையும் நிறுத்த முடியாது. கடந்த மே மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மின்வெட்டு நீண்டபோது ஜெனரேட்டர் பம்பை மட்டுமே தாங்கியது. கரும்பச்சையாக இருந்த குழாய்கள் மாலைக்குள் வெளிறின, மறுநாள் காலையில் மூடியைத் திறந்த மாணவி நாற்றம் தாளாமல் பின்வாங்கினார். மறுபடி வளர்த்து எடுத்த விளைச்சலுக்கு உங்கள் அறிக்கைப் படிவத்தில் இடம் இருந்தது. அழிந்துபோனதற்கும் சில்லருக்கும் ஆன மின்சாரத்தை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

வெயிலுக்குப் பதிலாகத் தரமான எல்இடி விளக்கில் வளர்த்தால், 1 கிலோ உலர்பாசிக்கு ஒளிக்கு மட்டுமே ஏறத்தாழ 90 யூனிட் போகும். அந்த 1 கிலோவில் அடங்கிய ஆற்றலோ சுமார் 6 யூனிட்தான். லிட்டருக்கு ஓரிரு கிராமே விளைவதால், அறுவடையின்போது நூற்றுக்கணக்கான லிட்டர் நீரைச் சுழற்றிப் பிரிக்கும் செலவு தனி. பாசியிலிருந்து எடுக்கும் விலை உயர்ந்த அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமிக்கு இது கட்டுபடியாகலாம். எரிபொருளுக்கு எப்படிக் கட்டுபடியாகும்?

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் 100 ஹெக்டேர் பாசிப் பண்ணைக்குக் கணக்கிட்டபோது, குழாய்க் கலனில் கிலோவுக்கு 4.15 யூரோ ஆகும் என்று கண்டார்கள். கலக்கும் முறை, ஒளிச்சேர்க்கைத் திறன், கரியமில வாயுவின் விலை போன்றவற்றைச் சீர்செய்தால் 0.68 யூரோவுக்கு இறக்கலாம் என்பதையும் அதே கணக்கு காட்டியது. செலவை எண்ணிப் பார்த்ததால்தான் எங்கே குறைப்பது என்று தெரிந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை 1978இல் தொடங்கிய பாசி எரிபொருள் திட்டத்தை 1996இல் மூடியதும், 2009இல் இதே துறையில் பெரும் அறிவிப்போடு இறங்கிய எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2023இல் விலகியதும் தாங்கள் அறியாதவை அல்ல.

கலன் வாங்கப் பணம் தருகிறீர்கள், அதை ஓட்டும் மின்கட்டணத்தைக் கல்லூரியின் தலையில் கட்டுகிறீர்கள்; திட்டக் காலம் முடிந்ததும் கலன் தூசி படிந்து நிற்கிறது. இது மக்கள் வரிப்பணம்.

எனவே மீண்டும் பணிவுடன் கேட்கிறோம்: பம்பு, சில்லர், விளக்கு, அறுவடை, உலர்த்தல் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் வைத்து, கிலோவுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கை விண்ணப்பத்திலும் இறுதி அறிக்கையிலும் கட்டாயமாக்குங்கள். விண்ணப்பக் கெடு முடியுமுன் படிவத்தைத் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நுண்பாசி ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர்