அப்பா வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, கையில் கிரீஸ் காயவே இல்லை. அப்பாவின் ஃபியட் இன்ஜினை இறக்கியாயிற்று. ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி, 1986 என்று இருந்தாலும் நம் தெருவில் யார் அதை அப்படிச் சொன்னார்கள்? நாலு பிஸ்டனும் திண்ணையில் பழைய பேப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பேத்தி அவற்றை டம்ளர் என்கிறாள்.

"பிரித்ததுதான் பிரித்தாய், எல்லாவற்றையும் மாற்றிவிடேன்" என்று எழுதியிருந்தாய். மெக்கானிக் மணி அண்ணன் நேர் எதிர். எதை எடுத்துக் காட்டினாலும் "இது இன்னும் ஓடும் சார்" என்கிறார். இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் தடிமன் அளக்க மைக்ரோமீட்டரும் இடைவெளி அளக்க ஃபீலர் கேஜும் வாங்கி வந்தேன்.

இறக்குவதற்கு முன்பே கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்த்தோம். 120, 115, 85, 118 பவுண்டு. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்ததும் 105க்கு ஏறியது. வால்வு ஒழுகினால் ஆயில் விட்டும் ஏறாது. ஏறியதால் கோளாறு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கிலோ, போரிலோதான், அதாவது சிலிண்டரின் உட்சுவரில். திறந்தால் மேல் ரிங் இரண்டு துண்டு! பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு பட்டறையில் ரிங் மட்டும் மாற்றினேனே, நினைவிருக்கிறதா? தேய்மானம் போரின் மேல் பக்கம்தான் அதிகம்; ரிங் போய்த் திரும்பும் இடம், சூடும் அழுத்தமும் அங்கேதான், ஆயிலும் சரியாக எட்டாது. அதற்கு மேலே தேயாத விளிம்பு ஒரு வரப்பு மாதிரி நின்றுவிடும். அதை எடுக்காமல் புது ரிங் போட்டிருக்கிறார்கள். ரிங் அதில் போய் இடித்து ஒடிந்திருக்கிறது.

போரின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் என்னிடம் இல்லை. அதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஒரு ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை அளக்க வேண்டும். முதல் சிலிண்டரில் வரப்புக்குக் கீழே 0.80 மில்லிமீட்டர், ரிங் எட்டாத அடிப்பகுதியில் 0.40. வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் 0.13 தேய்மானம். நம் பாலிடெக்னிக் கணக்கு நாற்பது வருடம் கழித்து ஒரு நாள் பயன்பட்டது! மூன்றாவதில் கோடு வேறு விழுந்திருக்கிறது. ஆக ரீபோர்தான், நாலு சிலிண்டரையும் கடைந்து பெரிதாக்க வேண்டும். பிஸ்டன் தலையில் 0.2 என்று குத்தியிருக்கிறது, அதாவது ஏற்கெனவே ஒருமுறை 0.2 மில்லிமீட்டர் பெரிதாக்கியாயிற்று. இப்போது 0.4. மணி அண்ணன் உள்ளே புது உறையாக ஸ்லீவ் அடிக்கலாம் என்றார். இன்னும் கடைய இடம் இருக்கும்போது எதற்கு?

பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் பிழைத்தது, பாதி. அது பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னல்கள் நகத்தால் கீறிப் பார்த்தாலும் வழுவழுவென்று இருக்கின்றன; பாலிஷும் புது பேரிங்கும் போதும். பிஸ்டனிலிருந்து வரும் கனெக்டிங் ராடு மாட்டும் இடங்களில், மூன்றாவது பிக் எண்டில் நகம் மாட்டுகிறது. நாலையும் கால் மில்லிமீட்டர் அரைக்கச் சொல்லிவிட்டேன்.

சண்டை வந்தது கனெக்டிங் ராடு போல்ட்டில். எட்டே எட்டு போல்ட். பார்த்தால் நன்றாகத்தான் இருந்தன, மணி அண்ணன் அவற்றையே போட்டுவிடலாம் என்றார். ஒன்று அறுந்தால் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும், அப்புறம் பழைய இரும்புக் கடைதான். சென்னை ஜி.பி. ரோட்டில் என் மச்சினனை அலையவிட்டுப் புதிதாக வாங்கினேன். பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங், டைமிங் செயின் ஆகியவற்றை அளந்தே பார்க்கவில்லை. சாமான் விலை கொஞ்சம், மறுபடி அதைத் தொட கியர்பாக்ஸையோ முன்பக்கத்தையோ கழற்ற வேண்டும் என்றால் யோசனையே வேண்டாம், புதுசு. வெளியே தொங்கும் டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் அப்படியே இருக்கட்டும், கெட்டால் அரை மணி வேலை. ஆயில் பம்ப்பும் பழையதுதான். மூடியில் பல்சக்கரம் பள்ளம் பறித்திருந்தது. கண்ணாடித் துண்டில் எமரி பேப்பரை விரித்து ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்துச் சமமாக்கினேன். வீட்டுக்காரிக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை.

கார்பரேட்டரின் ரப்பர் சாமானையெல்லாம் மாற்றிவிட்டேன். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை விட்டுவைக்காது.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை, நீ சொல். கேம்ஷாஃப்ட் தள்ள, வால்வைத் திறக்கும் எட்டு டேப்பெட்டில் இரண்டின் முகத்தில் சின்னச் சின்னக் குழி. கேம்ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது. பழைய கேமில் புது டேப்பெட் போடலாம், புது கேமில் பழையதுதான் ஆகாது, அது தெரியும். இரண்டை மட்டும் மாற்றுவதா, எட்டையுமா? மற்ற ஆறையும் அதனதன் இடத்திலேயே திரும்பப் போட நம்பர் எழுதி வைத்திருக்கிறேன்.

சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. உன் தம்பி வீட்டு விஷயம் என்ன ஆயிற்று? பிளாக் அடுத்த வாரம் லேத்திலிருந்து வருகிறது. பொங்கலுக்கு நீ வந்தால் உன்னை பஸ் ஸ்டாண்டில் அழைக்க ஃபியட்டில்தான் வருவேன். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அறுபதைத் தாண்ட மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ராஜு