உச்சி தொடலைன்னா அதையும் எழுதி வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலை ஏறுறவங்க ஆயுசு பூரா எந்தெந்த சிகரம் ஏறினோம்னு நோட்டு போட்டு எழுதி வெக்கிறத சிலர் வெட்டி வேலைன்னு சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல. ஸ்காட்லாந்துல ஹ்யூ மன்ரோன்னு ஒருத்தர் 1891ல அந்த ஊர்ல 3000 அடிக்கு மேல இருக்கற மலையெல்லாம் லிஸ்ட் போட்டார், அதுக்கு இன்னைக்கும் மன்ரோன்னு தான் பேரு, இப்போ கணக்குப்படி 282 இருக்கு, ஆனா பாவம் அவரே எல்லாத்தையும் ஏறி முடிக்காம 1919ல போய் சேர்ந்துட்டார்.

முதல்ல முடிச்சவர்னு பேரு ஏ.ஈ.ராபர்ட்சன்ங்கற பாதிரியாருக்கு, 1901ல. இதுல தான் விஷயமே இருக்கு. பென் விவிஸ் மலையில மழையில நனைய வேணாம்னு உச்சிக்கு முன்னாடியே திரும்பிட்டதா அவரே தன் நோட்டுல எழுதியிருக்கார், அப்புறம் மறுபடி போய் ஏறினாரான்னு உறுதியான குறிப்பு ஒண்ணும் இல்ல, அதனால அவர் நிஜமா முடிச்சாரான்னு பின்னாடி வந்தவங்க கேள்வி கேட்டாங்க. பொய்யா ஒரு டிக் போட்டிருந்தா யாருக்கு தெரிஞ்சிருக்கும்? என்னைக் கேட்டா அந்த ஒரு வரிக்காகவே அவர மதிக்கலாம்.

இமயமலைக்கு எலிசபெத் ஹாலின்னு ஒரு அம்மா காத்மாண்டுல உக்காந்து வருஷக்கணக்கா எல்லா குழுவையும் கேள்வி கேட்டு பதிவு பண்ணாங்க, அவங்க ஒரு சிகரம் கூட ஏறினதில்ல! சந்தேகம் இருந்தா 'சர்ச்சைக்குரியது'ன்னு தான் போடுவாங்க.

இப்போ போன் ஆப்ல எல்லாம் தானா பதிவாகுது, ஆனா சார்ஜ் போனா அதோட கதை முடிஞ்சுது. தேதி, போன வழி, கூட வந்தவங்க, எங்க திரும்பினோம், இத பேப்பர்லயும் எழுதி வைங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்